ஆக்டேவியா நாட்குறிப்பு: பூஸ்ட் கடைசி வேலை

11 ஜனவரி 2025, சனி

பொங்கலுக்குள் காரை ஸ்டாண்டில் ஏற்றிவிட நினைத்தேன், ஏற்றியாகிவிட்டது. 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 1781 சி.சி., நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, அதோடு ஒரு சின்ன கே03 டர்போ, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. அது திணிக்கும் அழுத்தத்துக்குப் பெயர்தான் பூஸ்ட். கம்பெனி கணக்கில் 150 குதிரைத்திறன். இப்போது ஒரு லிட்டர் இன்ஜினே 115, 120 தருகிறது. ஆனால் இந்தக் கார் வந்த காலத்தில் பெட்ரோல் டர்போ என்பதே நம் ஊர் ஷோரூம்களில் அபூர்வம். அப்போதே இதன்மீது எனக்கு ஒரு கண்.

வார நாட்களில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகம் போக வேண்டும். சில ஞாயிறுகளில் எங்கள் கோவையின் பந்தய டிராக்கான செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட வேண்டும். இரண்டுக்கும் இதே கார்தான். 200 குதிரைத்திறன் வரை போகலாம் என்பது திட்டம், அதைத் தாண்டும் ஆசை இல்லை. அதற்கு மேல் அழுத்தினால் இந்தச் சின்ன டர்போ காற்றைத் திணிப்பதைவிடச் சூடாக்குவதுதான் அதிகம். உள்ளே பிஸ்டன்களைத் தாங்கும் கனெக்டிங் ராடுகளும் டார்க், அதாவது முறுக்கு விசை, 400 நியூட்டன் மீட்டர் பக்கம் போனால் வளைந்துவிடும் என்பது இந்த இன்ஜினைப் பிரித்தவர்கள் எல்லோரும் சொல்வது.

ஆகவே வேலை வரிசை இது: முதலில் ஆயில், பிறகு காற்றுக் கசிவு, பிறகு குளிர்ச்சி, பிறகு பிரேக். பூஸ்ட் கடைசியில். இந்த வரிசையை யாருக்காகவும் மாற்றப் போவதில்லை.

இன்று கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பது மட்டும் பார்த்தேன். 11.5, 11.5, 11, 11.5 பார். 7-க்குக் கீழே போனாலோ, சிலிண்டர்களுக்குள் 3 பார் வித்தியாசம் இருந்தாலோதான் கவலைப்பட வேண்டும். இருபது வயது இன்ஜினுக்கு இது அருமையான உடம்பு. மனசு நிறைந்துவிட்டது.

16 ஜனவரி, வியாழன்

காணும் பொங்கல். வீட்டில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு சம்பை, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, கழற்றினேன்.

ஆயில் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது. அதில் பாதிக்குக் கரி படிந்திருந்தது. இந்த இன்ஜின் ஆயிலைச் சூடாக்கிக் கெட்டியாக்கும் குணம் உள்ளது, அது தெரிந்த விஷயம்தான். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் கசடு முதலில் இங்கேதான் சேரும். சல்லடை அடைத்தால் ஆயில் அழுத்தம் குறையும், அதில் முதலில் அடிபடுவது டர்போ.

ஏன் டர்போ? அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழல்கிறது. ஒரு முனையில் 900 டிகிரி புகை, மறுமுனையில் வெளிக்காற்று. நடுவில் அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது பால் பேரிங் கிடையாது, மெல்லிய ஆயில் படலம். அந்தப் படலம் ஒரு நொடி அறுந்தால் உலோகத்தில் உலோகம் உரசும். ஆயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு, சூட்டை எடுத்துக்கொண்டு போவது. வேகமாக ஓட்டி வந்து உடனே இன்ஜினை நிறுத்தினால் உள்ளே தேங்கிய ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். அதனால்தான் இந்தக் காரில், இன்ஜின் நின்ற பிறகும் டர்போவுக்குத் தண்ணீரை ஓட்ட ஒரு குட்டி மின்சாரப் பம்பு வைத்திருக்கிறார்கள். பழைய கார் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைச் சோதித்துப் பார்ப்பதே இல்லை. நான் பேட்டரியில் நேரடியாக வயர் கொடுத்துப் பார்த்தேன், ஓடுகிறது.

புது உறிஞ்சு குழாய், புது கேஸ்கெட், ஃபோக்ஸ்வாகன் 502.00 தரத்தில் 5டபிள்யூ-40 ஆயில். இனி 5000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றம். டிராக்கில் ஓடினால் அதற்கு முன்பே.

26 ஜனவரி, ஞாயிறு

கசிவு தேடிய நாள்.

நம்ம ஊரில் மோட்டார் பம்பு கடைக்கா பஞ்சம்? பி.வி.சி. மூடி ஒன்று வாங்கி, அதில் துளை போட்டு டயர் வால்வைப் பொருத்தினேன். டர்போ காற்று இழுக்கும் வாயில் அந்த மூடியைச் செருகி, கிளாம்பு போட்டு இறுக்கி, கம்ப்ரெஸரில் இருந்து மெதுவாகக் காற்று கொடுத்தேன். அரை பாரிலேயே உஸ்ஸென்று சத்தம். சோப்புத் தண்ணீர் தெளித்துக் கொண்டே போனால் ஒவ்வொரு இடமாக நுரை வருகிறது: இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ரப்பர் குழாய்கள், ஒரு டி வடிவ இணைப்பு, மிஞ்சும் பூஸ்ட் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் உள்சவ்வு. எல்லாம் வயதாகி வெடித்த ரப்பர்.

இந்தக் கசிவுகளைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே வரும் காற்றை ஏர் மீட்டர் அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை ஈ.சி.யு. என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் விடுகிறது. அளந்த காற்று வழியில் வெளியேறிவிட்டால் பெட்ரோல் மிஞ்சும். கேட்ட அழுத்தம் வரவில்லையே என்று ஈ.சி.யு. டர்போவை இன்னும் விரட்டும். டர்போ எவ்வளவு விரட்டப்படுகிறதோ காற்று அவ்வளவு சூடாகும். ஓட்டுகிறவருக்குத் தெரிவதோ, வண்டி கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த நிலையில் ரீமேப் செய்ய, அதாவது சக்தி கூட்ட ஈ.சி.யு. கணக்கை மாற்ற, கொண்டுபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

குழாய்கள் எல்லாம் மாற்றியாகிவிட்டது. மேனிஃபோல்டைக் கழற்றாமல் கையை விட்டு மாற்றியதில் முழங்கை வரை கீறல்.

9 பிப்ரவரி, ஞாயிறு

இன்டர்கூலர், டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை ஆற்றும் ரேடியேட்டர். இந்தக் காரின் உயிர்நாடி இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் கணக்கு எழுதி வைக்கிறேன்.

சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே சங்கதிதான். கோவை வெயிலில் 35 டிகிரிக் காற்று உள்ளே போகிறது. அதை ஒரு பார் பூஸ்டில், அதாவது இரண்டு மடங்கு அழுத்தத்தில், டர்போவின் 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரெஸர் அழுத்தினால் ஏறக்குறைய 95 டிகிரி ஏறும். வெளியே வருவது 130 டிகிரிக் காற்று! நல்ல இன்டர்கூலர் அந்த ஏற்றத்தில் 70 சதவீதத்தைத் திரும்ப எடுத்தால் இன்ஜினுக்குள் 63 டிகிரியில் போகும். பாதியை மட்டும் எடுக்கும் இன்டர்கூலர் என்றால் 80-ஐத் தாண்டும். அந்த வித்தியாசம் முழுக்க நாக்கிங்காகத் திரும்பி வரும்: ஸ்பார்க் கொளுத்திய தீ பரவி முடிவதற்குள், ஓரத்தில் இருக்கும் கலவை தானாக வெடிப்பது. பிஸ்டன் உடைவது அதில்தான்.

கம்பெனி இன்டர்கூலர் பம்பருக்குப் பின்னால் ஓர் ஓரத்தில், சக்கரத்துக்கு முன்னே ஒளிந்திருக்கிறது. அளவும் சிறியது, காற்றும் நேராகப் படாது. ஊருக்குள் ஓட்டப் போதும், டிராக்கில் இரண்டு சுற்றிலேயே சூட்டில் ஊறிவிடும். அதனால் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் பெரிய இன்டர்கூலர். குழாய்களைக் கோவை கணபதி பகுதியில் ஒரு பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வைத்தேன். லேத்துக்கார அண்ணன் அளவைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, குழாய் முனையில ஒரு மேடு போட்டுத் தரட்டுங்களா? இல்லீன்னா பிரஷர்ல ஹோஸ் வழுக்கிக்குமுங்க" என்றார். கார் டர்போ வேலை அவருக்குப் புதிது. வாழ்நாள் முழுக்க பம்பு, குழாய், அழுத்தம் என்று புழங்கிய கை அது. இந்த ஊரில் வேலை செய்வதன் சுகமே இதுதான்.

23 பிப்ரவரி, ஞாயிறு

அக்கா மகன் வந்திருந்தான். கல்லூரி முதலாண்டு. இன்டர்கூலரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"மாமா, சைலன்சர் எப்ப மாத்துறீங்க?"

"மாத்தலை கண்ணு."

அவனுக்கு ஏமாற்றம். உட்கார வைத்துச் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி முதலில் கொடுத்ததற்கும் பொருந்தாதபடி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இன்ஜின் அதேதான், பாடி அதேதான், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, புகைச் சோதனையில் தேற வேண்டும். காலை ஆறரை மணிக்குத் தெருவில் யாரையும் எழுப்பாமல் கிளம்பும் வண்டிதான் எனக்கு வேண்டும். வேகத்துக்கு டிராக் இருக்கிறது. அவிநாசி சாலையில் ராத்திரி பந்தயம் விடுகிறவர்களோடு அவன் பழகக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டேன். கோபமாகத்தான் சொன்னேன்.

அப்புறம் அவனையே ஸ்பார்க் பிளக் மாற்ற வைத்தேன். என்.ஜி.கே., கம்பெனி பிளக்கைவிட ஒரு படி குளிர்ந்தது, அதாவது சூட்டை வேகமாகக் கடத்துவது, இடைவெளி 0.7 மில்லிமீட்டர். அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவது கடினம், அதனால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். நான்கையும் டார்க் ரெஞ்ச் வைத்து அவனே இறுக்கினான்.

9 மார்ச், ஞாயிறு

டைனோ, காரை நிறுத்தி வைத்தே சக்தியை அளக்கும் உருளை மேடை. கடைசியில் பூஸ்டுக்கு வந்துவிட்டோம்.

முதலில் பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும், அந்த வகையில் டர்போவுக்கு நண்பன். ஆனால் ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால், இந்தக் கலவைக்கு 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் விட வேண்டும், இன்ஜெக்டர் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். 2005 காரின் ரப்பர் குழாய்களும் இதற்காகச் செய்தவை அல்ல, அவற்றையும் முன்கூட்டியே மாற்றிவிட்டேன். இன்று டாங்கில் இருந்தது 95 ஆக்டேன்.

மேப் செய்யும் தம்பி பொறுமைசாலி. மடிக்கணினியில் நான்கு சிலிண்டரின் டைமிங் வெட்டு (நாக்கிங் வந்தால் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும் அளவு), பூஸ்ட், லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம்), காற்று வெப்பம் எல்லாம் ஓடுகின்றன. இந்த இன்ஜினில் இரண்டு நாக் சென்சார்கள் உண்டு. எந்தச் சிலிண்டர் தட்டுகிறதோ அதற்கு மட்டும் ஈ.சி.யு. டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். 1 பார் பூஸ்டில் முதல் ஓட்டம் நன்றாக இருந்தது. மூன்றாவது ஓட்டத்தில் ஷெட்டுக்குள் 36 டிகிரி, 5500 சுற்றில் மூன்றாவது சிலிண்டருக்கு 6 டிகிரி வெட்டு. சக்கரத்தில் 158 குதிரைத்திறன்.

"அண்ணா, 0.1 பார் குறைச்சுப் பாக்கலாமா?" என்றார் தம்பி.

குறைத்தோம். நடுவில் 0.9, 6000 சுற்றுக்குப் போகும்போது 0.65 என்று சரியும்படி வைத்தார். டைமிங் வெட்டு 2 டிகிரிக்கு இறங்கியது. சக்கரத்தில் 163! பூஸ்ட் குறைந்தது, சக்தி கூடியது. காற்று குளிர்ந்ததால் ஸ்பார்க்கை அதன் சரியான நேரத்தில் கொடுக்க முடிந்தது, டர்போவும் தன் சக்திக்கு மீறி மூச்சு வாங்கவில்லை. புத்தகத்தில் படித்தது கண் முன்னால் கோடாக ஏறியதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. டார்க் 285-ல் நிற்கிறது, ராடுகளுக்கு நல்ல இடைவெளி. சக்கரம் வரை வரும் வழியில் வீணாவதைச் சேர்த்தால் இன்ஜின் அளவில் 190 பக்கம் இருக்கும். 200 வேண்டும் என்ற பேச்சை இத்தோடு விட்டாகிவிட்டது.

23 மார்ச், ஞாயிறு

செட்டிப்பாளையம். 2.1 கிலோமீட்டர் டிராக், 2003-ல் திறந்தது. கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்தவர், மாருதி 800-இன் 796 சி.சி. இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்து, நம் ஆட்களுக்குக் கட்டுப்படியாகும் ஃபார்முலா பந்தயத்தைக் கொண்டுவந்தவர். 1995-ல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். சிறிய இன்ஜினை மதித்து வேலை செய்த மனிதர் என்பதால், அந்த வாசலில் நுழையும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை.

டைனோவுக்கு முன்பே பிரேக் ஆயிலை முழுக்க மாற்றியிருந்தேன். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலின் கொதிநிலை 155-க்கு இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவி என்றால் பெடல் தரையில். குறுகிய டிராக்கில் பிரேக் ஆற நேரமே இல்லை. கடைசி வரை பெடல் கல் மாதிரி நின்றது. டயரில் குளிர்ந்தபோது 28 பி.எஸ்.ஐ., இறங்கியதும் 35, அப்புறம் கொஞ்சம் இறக்கிவிட்டேன்.

இன்டேக் காற்று 58 டிகிரியைத் தாண்டவில்லை. வளைவில் இருந்து மூன்றாவது கியரில் வெளியேறும்போது 2500 சுற்றிலேயே தள்ளுகிறது, அதுதான் சின்ன டர்போவின் அழகு. பெரிய டர்போ போட்டவர்கள் இந்த டிராக்கில் பூஸ்ட் வருவதற்குள் அடுத்த வளைவுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆனால் ஆயில் வெப்பம் 128. ஆயில் ஃபில்டரோடு சேர்ந்த கம்பெனி கூலர் சூட்டைத் தண்ணீருக்குத் தள்ளுகிறது, தண்ணீரோ ஏற்கெனவே சூடு. ஐந்து சுற்றுக்கு ஒரு மெதுவான சுற்று என்று ஓட்டினேன்.

பக்கத்து ஷெட்டில் ஒரு தம்பி, டர்போ இல்லாத ஹேட்ச்பேக்கில் தானே டர்போ பொருத்தி வந்திருந்தார். எக்ஸாஸ்டில் நீலப் புகை. டர்போ போய்விட்டது என்று சோர்ந்து உட்கார்ந்திருந்தார். குனிந்து பார்த்தால், ஆயில் திரும்பும் குழாய் பாதியில் மேலேறிப் பிறகு இறங்குகிறது. அந்தக் குழாயில் அழுத்தம் கிடையாது, ஆயில் தானாக வடிய வேண்டும், நேராகக் கீழே சரிந்து சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். வடிய வழியில்லாவிட்டால் சீல் வழியாக எக்ஸாஸ்டுக்குள்தான் போகும். இரண்டு பேருமாகக் குழாயை வெட்டி வேறு வழியில் விட்டோம். மதியம் புகை நின்றுவிட்டது. அவர் ஓட்டிவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

30 மார்ச், ஞாயிறு

ஆயில் மாற்றினேன். ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பார்த்தேன், உலோகத் துகள் இல்லை. டைவர்ட்டர் வால்வு, கிளாம்புகள் எல்லாம் இறுக்கம்.

அடுத்த வேலை ஆயில் கூலர். ஃபில்டருக்கு அடியில் தெர்மோஸ்டாட் உள்ள தகடு ஒன்று வரும். 80 டிகிரியைத் தாண்டினால்தான் அது வழி திறக்க வேண்டும், இல்லையென்றால் பள்ளிக்குப் போகும் ஏழு நிமிட ஓட்டத்தில் ஆயில் சூடேறவே ஏறாது, அதுவும் கெடுதல். கூலரைப் பம்பரின் இடது ஓரத்தில், பழைய இன்டர்கூலர் இருந்தது போன்ற ஒரு வெற்றிடத்தில் வைக்கலாமா என்று அட்டை வெட்டி அளந்து பார்த்தேன். சக்கரம் முழுக்கத் திரும்பினாலும் 20 மில்லிமீட்டர் மிச்சம். சென்னை போகும்போது பழைய வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டையில் பிராக்கெட் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் கணபதி லேத்துக்கார அண்ணனிடம் போய்விடுவேன்.