உங்க வீட்டில் விருந்து

மெக்சிகோவின் குவாதலஹாராவில் எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவு அம்மா ஒருவர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் ரூம்மேட்டை நிறுத்தி, "ஞாயிறு மூணு மணிக்கு சு காசாவில் கார்னே அசாடா" என்று சொல்லிவிட்டுப் போனார். கார்னே அசாடா என்றால் கரி மூட்டி மாட்டிறைச்சி சுடுகிற குடும்ப விருந்து. காசா, வீடு. இந்த 'சு' இருக்கிறதே, அதுதான் வில்லங்கம். அவன், அவள், அவர்கள், மரியாதைக்குரிய நீங்கள் என்று யாருடையதாக இருந்தாலும் ஸ்பானிஷில் ஒரே 'சு'தான். சந்தேகம் வந்தால் பின்னால் 'தே எல்', 'தே எயா', 'தே உஸ்தெத்' என்று ஆளைச் சேர்த்துத் தெளிவுபடுத்த வேண்டும் என்பது பாடம்.

நம்மாள் படிப்பாளி. பின்னாலேயே ஓடி, "யார் வீட்டில்?" என்று கேட்டான்.

"தே உஸ்தெத்!" என்றார் அந்த அம்மா. உங்க வீட்டில்தான். இலக்கணப்படி முத்திரையே குத்தியாச்சு.

மெக்சிகோவில் பழைய மரியாதைக்காரர்கள் தன் வீட்டை 'என் வீடு' என்று சொல்ல மாட்டார்கள். 'உங்க வீடு' என்பார்கள். நாம் 'நம்ம வீட்டுக்கு வாங்க' என்று சொல்லிப் பாதிப் பங்கோடு நிறுத்திக்கொள்வோம். இவர்கள் பட்டாவையே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்பெயினிலிருந்து வந்தவர்களே இதில் முழிப்பதுண்டு.

எனக்கு விஷயம் தெரியும். ஆனால் அவன் துடைப்பத்தைத் தொட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. வாயைத் திறக்கவில்லை.

இரண்டே பிளாஸ்டிக் நாற்காலி உள்ள மூன்றாவது மாடி வீடு பளபளத்தது. பேப்பர் தட்டு வந்தது, ஒரு மூட்டை கரி வந்தது. இறைச்சியே தொடாத கும்பகோணத்துப் பையன், பால்கனியில் எப்படிச் சுடுவது என்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு மூணு மணிக்கு ஒருவரும் வரவில்லை. அந்த ஊரில் அது சகஜம். நாலேகாலுக்குப் போன்.

"எங்கே இருக்கீங்க?"

"என் வீட்டில்தான் காத்திருக்கேன்!"

"நாங்க எல்லாரும் உங்க வீட்டில்தான் இருக்கோம்!"

பயல் கதவைத் திறந்து மாடிப்படியை எட்டிப் பார்த்தான். அதற்குமேல் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டாக்சி பிடித்துப் போனோம், கரி மூட்டையோடு. வாசலில் அந்த அம்மாவின் மாமியார் மூட்டையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"உங்க வீட்டுக்கு வர்றதுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?"