பை மென்சே சி: இறக்குவது எளிது, மீதிதான் பாடு

பை மென்சே நட்சத்திரத்தைச் சுற்றும் சி என்ற கோள் அதன் முன்னால் கடக்கும்போது ஒளி சற்றுக் குறையும்; ஒருவழியாக அந்தப் பள்ளம் கண்ணில் பட்டுவிட்டது. ஆழம் 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) அளவுதான், நட்சத்திர ஒளியில் 0.03 சதவீதம். 2018-இல் அறிவிக்கப்பட்ட கோள், கோள்களைத் தேடும் டெஸ் விண்கலத்தின் முதல் செக்டார் (வானத்தின் ஒரு பகுதியைச் சில வாரம் பார்த்த தொகுப்பு) தரவிலேயே இருக்கிறது. விண்வெளித் தொலைநோக்கித் தரவுகளை வைத்திருக்கும் மாஸ்ட் காப்பகத்தில் பொதுத் தரவுக்குக் கணக்கோ கட்டணமோ வேண்டாம். பைத்தானில் லைட்கர்வ் என்ற நிரல் தொகுப்பு இருந்தால் இறக்குவது நிமிட வேலை.

பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ஒரே நட்சத்திரம் ஓரிடத்தில் பை மென்சே, இன்னோரிடத்தில் எச்டி 39091, வேறோரிடத்தில் டிஓஐ-144. டெஸ் பட்டியல் எண்ணான டிஐசி 261136679 என்று கொடுத்துவிட்டால் குழப்பமில்லை. ஒரே செக்டாருக்குப் பல கோப்புகள் வந்து நிற்கும். கேமராவின் முழுக் காட்சியையும் பதிந்த முழுச்சட்டப் படங்களிலிருந்து வேறு குழுக்கள் எடுத்தவையும் அதில் உண்டு. 'ஸ்பாக்' (டெஸ் குழுவின் அதிகாரபூர்வத் தரவுச் செயலாக்கம்), புள்ளிக்கு 120 விநாடி என்று வடிகட்டிய பிறகே இறக்குங்கள். கோப்புக்குள் பிடிசிஎஸ்ஏபி ஃப்ளக்ஸை, அதாவது கருவிப் பிழை திருத்திய ஒளி அளவை, எடுங்கள். கருவியால் வரும் ஏற்ற இறக்கம் திருத்தாத எஸ்ஏபி-யில் அப்படியே இருக்கும். முதல் செக்டாரில், டெஸ் நேரக் கணக்கில் 1347-லிருந்து 1349 வரையான நாட்களை வெட்டி எறிந்துவிடுங்கள். அப்போது விண்கலம் நோக்கிய திசை ஆடியது. அந்தத் தரவு இரைச்சலில் இவ்வளவு சிறிய கடப்பு தேறாது.

ஆளைக் கவிழ்ப்பது, ஒளி வளைவின் மெதுவான ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் லைட்கர்வின் 'ஃப்ளாட்டன்'தான். அதன் சன்னல் (ஒரே நேரத்தில் பார்க்கும் புள்ளிகள்) அகலம் இயல்பாக 101 புள்ளி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்றால் 202 நிமிடம், மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பை மென்சே சி கடக்கும் நேரமோ ஏறக்குறைய மூன்று மணி. நட்சத்திரத்தின் மெதுவான அலைவு என்று நினைத்துக் கோளையே சீவித் தள்ளிவிடும்! பிழைச்செய்தி எதுவும் வராது. வளைவு பார்க்க அழகாகவே இருக்கும், பள்ளம் மட்டும் கரைந்திருக்கும். 1001 புள்ளி வையுங்கள் (ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும்). பள்ளம் சீரான இடைவெளியில் திரும்ப வருகிறதா என்று பார்க்கும் பிஎல்எஸ் தேடலில் 6.27 நாள் (கோளின் சுற்றுக்காலம்) சிகரம் எழுந்ததும், கடப்புகளை மாஸ்க் போட்டு விலக்கி வைத்து மூலத் தரவை மறுபடி ஃப்ளாட்டன் செய்யுங்கள். ஆழம் அப்போதுதான் நம்பும்படி வரும்.

அடுத்தது நேரம். டெஸ் கோப்பில் ஜூலியன் நாள் எண்ணிலிருந்து 2457000 கழித்திருக்கும், முந்தைய விண்கலமான கெப்ளரின் கோப்பில் 2454833. பழைய கெப்ளர் நிரலை அப்படியே ஒட்டினால் 2167 நாள் தள்ளிப்போய், சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்த வளைவில் கடப்பு பூஜ்யக் கட்டத்தில் இருக்காது. கோளே இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம்.

ஒப்பிட, பிற நட்சத்திரக் கோள்களின் பட்டியலான நாசா எக்ஸோபிளானட் ஆர்க்கைவுக்குப் போனால் ஒரே கோளுக்கு வரிசை வரிசையாக மதிப்புகள், ஆய்வுக் கட்டுரைக்கு ஒன்றாக. ஒரே வரியில் எல்லாம் தரும் கூட்டு அட்டவணை வசதிதான். ஆனால் அதில் ஆரம் ஒரு கட்டுரையிலிருந்தும் நிறை வேறொன்றிலிருந்தும் வந்திருக்கலாம். அதை வைத்து அடர்த்தி போட்டால் யாருமே சொல்லாத ஒரு கோள் கிடைக்கும். மூல அட்டவணையில் 'டிஃபால்ட் ஃப்ளாக்' 1 (காப்பகம் முதன்மையாகத் தேர்ந்த கட்டுரை) என்ற வரியை எடுத்து, எந்தக் கட்டுரை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டும் முக்கியம். முதல் செக்டாரை மட்டும் வைத்துக் கணித்த சுற்றுக்காலத்தில் பிழை ஏறக்குறைய 0.0005 நாள். 260 சுற்று, அதாவது நாலரை ஆண்டு கழித்து அது 0.13 நாளாகப் பெருகும். கடப்பு நேரம் முழுவதையும் அது விழுங்கிவிடும். 2023 தரவைப் பழைய எண்ணால் மடித்தால் பள்ளம் தப்பிவிடும்.

அதே நட்சத்திரத்தின் பெரிய கோள் பி-க்கு நிறை எடுப்பவர்கள், நிறை எப்படிக் கிடைத்தது என்று சொல்லும் நெடுவரிசையைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். 'எம் சைன் ஐ' (சுற்றுப்பாதையின் சாய்வு தெரியாமல் கணித்தது) என்றிருந்தால் அது குறைந்தபட்ச நிறை மட்டுமே, 10 வியாழன் அளவு. நட்சத்திர இடங்களை அளந்த ஹிப்பார்கோஸ், கையா விண்கலங்களின் அளவீடுகளைச் சேர்த்துச் சாய்வைக் கண்டுபிடித்த பிந்தைய கட்டுரைகளில் அது 12-ஐத் தாண்டிவிட்டது. இரண்டுமே அட்டவணையில் இருக்கின்றன.