ஸ்கோப் படத்துக்காக அகல டிவி வாங்கலாமா?

டிவியில் படம் போட்டதும் மேலேயும் கீழேயும் வந்து நிற்கிற கருப்புப் பட்டையைப் பிடிக்காதவர்கள் எங்கள் ஏரியாவில் ஏராளம். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிற என் அத்தைக்கு அது டிவியின் கோளாறு. "இன்னாடா இது, அம்மாம் பெரிய டிவி வாங்கியும் பாதிதான் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே ரிமோட்டில் ஜூமை அழுத்திவிடுவார். இந்தப் பட்டை போகவேண்டும் என்பதற்காகவே 21:9 அளவில் (அகலம் 21 பங்கு, உயரம் 9 பங்கு) அல்ட்ரா வைட் டிவி வாங்கலாமா என்று படம் பார்க்கிற நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். ஸ்கோப் படம், அதாவது சினிமாஸ்கோப் அகலத் திரைப் படம் என்றால் எனக்கு உயிர், ஆனாலும் நம் வீடுகளுக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பட்டை ஏன் வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1950களில் அமெரிக்காவில் டிவி வந்து தியேட்டர் கூட்டத்தை இழுத்துக்கொண்டபோது, டிவியால் தர முடியாத ஒன்றைத் தருவோம் என்று 1953ல் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தார்கள். தமிழில் அது 1973ல் ராஜராஜ சோழன் படத்தோடு வந்தது. இன்று பெரிய படங்கள் பெரும்பாலும் ஸ்கோப்தான், உயரத்தைப்போல சுமார் 2.39 மடங்கு அகலம். டிவிக்கு வந்த 16:9 என்பதோ 1.78 மடங்குதான். அது பழைய டிவியின் 4:3க்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் எல்லாப் படமும் ஓரளவு பொருந்தட்டும் என்று 1980களில் கணக்குப் போட்டு எடுத்த அளவு. அதனால் ஸ்கோப் படம் 16:9 டிவியில் ஓடும்போது திரையின் உயரத்தில் கால் பாகம் சும்மா இருக்கும். 4கே டிவியில் மேலிருந்து கீழாக 2160 புள்ளி வரிசை இருந்தாலும் படத்துக்குப் போவது 1600 சொச்சம்தான்.

அல்ட்ரா வைட் டிவி இதை நேரடியாகத் தீர்க்கப் பார்த்தது. பிலிப்ஸ் 2009ல் 56 இன்ச்சில் ஒன்று விட்டார்கள், பிறகு விசியோ, 2014 வாக்கில் எல்ஜியும் சாம்சங்கும் 105 இன்ச்சில் வளைந்த திரையே காட்டினார்கள். அந்த வடிவத்தில் ஸ்கோப் படம் ஓடுவது அழகு, அதில் சந்தேகமே இல்லை. தியேட்டரில் விளம்பரம் சின்னதாக ஓடி முடிந்து, படம் ஆரம்பிக்கும்போது இரண்டு பக்கமும் துணி விலகித் திரை அகலமாகுமே, அந்த நிமிஷம் விசிலடிக்கத் தோன்றும். 2020ல் மூடிய தண்டையார்பேட்டை அகஸ்தியா மாதிரியான பெரிய தனித் திரைகளில் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அகலத்தின் மேல் இருக்கிற ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் இன்ச் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். டிவிக்குச் சொல்கிற இன்ச் மூலைக்கு மூலை அளந்தது. 56 இன்ச் அல்ட்ரா வைட் டிவியின் அகலம் ஏறக்குறைய 51 இன்ச், உயரம் 22. அதில் ஸ்கோப் படம் திரை நிறைய வரும், சரி. சீரியல், கிரிக்கெட், செய்தி எல்லாம் 16:9ல் வருவதால் இப்போது பட்டை இடமும் வலமுமாக நிற்கும், நடுவில் மிஞ்சுவது 45 இன்ச் டிவி அளவுக்கான படம். 4:3 அளவில் இருக்கிற பழைய கருப்பு வெள்ளைப் படம் போட்டால் திரையில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் படம். சாதாரண 65 இன்ச் டிவியோ 56 இன்ச்சுக்கு மேல் அகலம். பட்டையோடு ஓடினாலும் அதில் ஸ்கோப் படம் கிட்டத்தட்ட 24 இன்ச் உயரத்துக்கு வரும். அதாவது எந்தப் படத்துக்காக அகல டிவி வாங்குகிறோமோ அந்தப் படமே சாதாரண 65ல் இன்னும் பெரிதாகத் தெரிகிறது, மேட்ச்சும் பெரிதாகத் தெரிகிறது. சுவரின் அகலத்தில் கூடுதலாகக் கேட்பது அஞ்சு இன்ச்.

எங்கள் பக்கம் வீடுகளில் ஹால் ஒன்றுதான், டிவியும் ஒன்றுதான். பகலில் சீரியல், சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன், ஐபிஎல் வந்தால் தெருவே வந்து உட்கார்ந்துவிடும், படத்துக்குக் கிடைப்பது ராத்திரி ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரத்துக்காக மற்ற எல்லாருடைய படத்தையும் சின்னதாக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

இன்னொரு தொல்லை ஓடிடியில். பல படங்கள் பட்டையையும் சேர்த்தே 16:9 வீடியோவாக வருகின்றன. அகல டிவியில் அப்படியே போட்டால் நாலு பக்கமும் கருப்பு வந்து நடுவில் படம் குட்டியாகிவிடும், ஒவ்வொரு தடவையும் ஜூம் செய்யவேண்டும். ஜூம் செய்தால் கீழ்ப் பட்டையில் போட்டிருக்கிற சப்டைட்டில் வெட்டுப்படும், மலையாளப் படமும் கொரியப் படமும் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். ஐமேக்ஸ் என்கிற உயரமான பெரிய திரைக்காக எடுத்த காட்சிகள் நடுவில் உயரமாக விரிகிற படங்களும் இருக்கின்றன. அங்கே ஜூம் செய்தால் தலையும் காலும் போகும்.

உண்மையான நஷ்டம் பட்டையில் இல்லை, வெட்டுவதில்தான் இருக்கிறது. அத்தை ஜூமை அழுத்தும்போதும், சில சேனல்கள் திரையை நிரப்புவதற்காக ஸ்கோப் படத்தின் பக்கங்களை நறுக்கிப் போடும்போதும், படத்தின் அகலத்தில் கால் பாகம் போய்விடுகிறது. ஒளிப்பதிவாளர் ஒரு ஓரத்தில் அப்பாவையும் மறு ஓரத்தில் மகனையும் நிறுத்தி, நடுவில் வெறும் வாசலை விட்டு வைத்திருப்பார். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற ரெண்டு பேருக்கு நடுவில் இருக்கிற தூரம்தான் அந்தக் காட்சியே. நறுக்கினால் இரண்டு அரை முகமும் ஒரு வாசலும்தான் மிச்சம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பட்டை வந்தால் படம் முழுசாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அத்தையிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன், மெதுவாகத்தான் ஒத்துக்கொள்கிறார்.

பட்டை கண்ணை உறுத்துவதற்குப் பெரிய காரணம் அது கருப்பாக இல்லாமல் சாம்பலாக இருப்பது. சாதாரண எல்இடி டிவியில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் கருப்பிலும் வெளிச்சம் கசியும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தனியாக அணைந்துவிடும், லைட்டை அணைத்து உட்கார்ந்தால் பட்டை எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. அவ்வளவு பணம் இல்லையென்றால் பகுதி பகுதியாக வெளிச்சத்தைக் குறைக்கிற லோக்கல் டிம்மிங் உள்ள டிவி போதும். எட்டு அடி தூரத்திலிருந்து 65 இன்ச் 4கே டிவியைத் தாராளமாகப் பார்க்கலாம். கடையில் பளபளவென்று ஓடுகிற டெமோ வீடியோவை நம்பாதீர்கள், பென் டிரைவில் ஒரு ஸ்கோப் படத்தின் இருட்டுக் காட்சியைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.

அகலத் திரை பொருந்துகிற இடமும் ஒன்று உண்டு. தனி ரூமில் இருக்கிற பையன், மேஜையில் கம்ப்யூட்டர், சீரியல் பார்க்க ஆளில்லை. அவனுக்கு 34 இன்ச் அல்ட்ரா வைட் மானிட்டர் நல்ல யோசனை. மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்தால், எட்டு அடியிலிருந்து 65 இன்ச் டிவி பார்ப்பதைவிட அதிகமாகக் கண்ணை நிறைக்கும், பகலில் வேலைக்கும் ஆகும். பிரவுசரில் பல ஓடிடிகள் 4கே தருவதில்லை, மானிட்டரின் ஸ்பீக்கரும் பெரும்பாலும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. அதனால் ஒரு நல்ல ஹெட்போனுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.