பழைய எய்ட்டி சிக்ஸ்: இதுவரைக்கும் செஞ்சது, ஓட்டிப் பாத்தது

என்கிட்ட இருக்கறது மொத தலைமுறை டொயோட்டா 86, மேனுவல் கியர், 2013 பதிவு. முந்தின ஓனர் சிஓஇ-ய (சிங்கப்பூர்ல வண்டி வெச்சுக்க வாங்க வேண்டிய உரிமம்) பத்து வருஷத்துக்குப் புதுப்பிச்சு கொஞ்ச நாள் ஓட்டிட்டு எனக்குக் கொடுத்தாரு. வாங்கினதுலேர்ந்து வீட்ல, வேலையில, கோயில்ல பாக்கறவங்க வரைக்கும் கேக்கறது ஒண்ணேதான்: ரெண்டு கதவு, பின்னாடி பேருக்கு ஒரு சீட்டு, 200 குதிரை சக்தி, இதுக்கா இவ்ளோ காசு? நியாயமான கேள்விதான், இந்த மாதிரி பெரிய எஞ்சின் வண்டிக்கான கேட்டகரி பி சிஓஇ 2023 அக்டோபர்ல ஒன்றரை லட்சம் வெள்ளிக்குப் போன ஊரு இது. அதுக்கு வாயால பதில் சொல்லி யாரையும் ஒத்துக்க வைக்க முடியாது, ஆனா இந்த வண்டியில ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்ததுல எனக்கு ரொம்பத் தெளிவா ஒரு விஷயம் புரிஞ்சிருக்கு, அத எழுதி வெக்கிறேன்.

மொதல்ல கணக்கு. இந்த வண்டியோட ரெட்லைன், அதாவது எஞ்சின் சுத்தக்கூடிய உச்சம், 7,400 ஆர்பிஎம். ரெண்டாவது கியர் ரேஷியோ 2.188, ஃபைனல் டிரைவ் 4.1, கம்பெனி டயர் 215/45 ஆர்17. இத வெச்சுக் கணக்கு போட்டா மொத கியர்ல ரெட்லைன் 58 கி.மீ. வாக்குல வருது, ரெண்டாவதுல 97. நம்ம எக்ஸ்பிரஸ்வேல அதிகபட்சம் 90. அதாவது பிஐஇ எக்ஸ்பிரஸ்வேக்குள்ள ஏறும்போது மொத கியர முழுசா, ரெண்டாவது கியர கிட்டத்தட்ட முழுசா, எஞ்சின் பாடுற இடம் வரைக்கும் இழுத்துட்டு மூணாவதுக்குப் போட்டா அப்பவும் லிமிட்டுக்குள்ளதான் இருக்கீங்க. இந்த ஊர்ல ஒரு வண்டியோட முழு எஞ்சினையும் சட்டத்துக்கு உட்பட்டு தினமும் அனுபவிக்க முடியுதுன்னா அது எவ்ளோ பெரிய விஷயம்.

என் மச்சான்கிட்ட பிஎம்டபிள்யூ எம்2 இருக்கு, மொத தலைமுறை, எஃப்87. 370 பிஎஸ், டர்போ இன்லைன் சிக்ஸ், அதுவும் கச்சிதமான கூப்பேதான், அருமையான வண்டி, நான் குறையே சொல்லமாட்டேன். ஓட்டக் குடுத்தான். கால வெச்சேன், 90 வந்துருச்சு, கால எடுத்தேன். அவ்ளோதான், நாலரை அஞ்சு செகண்டுக்குள்ள கதை முடிஞ்சுது. இறங்கினதும் "என்னடா மச்சான், ஒண்ணுமே சொல்லமாட்டேங்கற"ன்னு கேட்டான். "வண்டி நல்லாருக்கு மச்சான், ரோடுதான் பத்தல"ன்னேன், அவனும் தலையாட்டினான், அதனாலதான் அவன் மாசா மாசம் மலேசியா பக்கம் போறான்.

சரி, 86 எஞ்சினுக்கு வரேன். எஃப்ஏ20, 1,998 சிசி, சுபாருவோட பாக்ஸர் (சிலிண்டரெல்லாம் படுத்த மாதிரி இருக்கற எஞ்சின்), போரும் ஸ்ட்ரோக்கும், அதாவது சிலிண்டர் அகலமும் பிஸ்டன் போற தூரமும், ரெண்டுமே 86 மில்லிமீட்டர். டர்போ கிடையாது. அதிகபட்ச டார்க் (இழுவை) 205 நியூட்டன் மீட்டர், அது கிடைக்கறது 6,400 ஆர்பிஎம்முக்கு மேல. இந்த எஞ்சின்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பள்ளம் இருக்கு, 3,200-லேர்ந்து 4,500 வரைக்கும் டார்க் அப்படியே தொங்கிடும், அதுக்கப்புறம்தான் மறுபடி எழும்பும். இது காகிதத்துல பாக்கும்போது சின்னதா தெரியும், ஆனா மூணாவது கியர்ல இந்தப் பள்ளம் விழறது சரியா 60 கி.மீ.-லேர்ந்து 84 கி.மீ. வரைக்கும், அதாவது ஸ்லிப் ரோட்லேர்ந்து எக்ஸ்பிரஸ்வேல சேர்ற அதே வேகம், பின்னாடி லாரி வந்துட்டு இருக்கும், நீங்க பெடல மிதிச்சுட்டு காத்துட்டு இருப்பீங்க. இதுக்கு நிறைய பேரு ஹெடர் (எஞ்சின்லேர்ந்து புகை வெளிய வர்ற மொத குழாய்) மாத்தி ஈசியு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர, டியூன் பண்றாங்க, பள்ளம் நல்லாவே குறையுதுன்னு அப்படி மாத்தின வண்டிய ஓட்டிப் பாத்தும் தெரிஞ்சுக்கிட்டேன். நான் போடல. எக்ஸாஸ்ட் பக்கம் கை வெச்சா எல்டிஏ (போக்குவரத்து ஆணையம்) விதி இருக்கு, பத்து வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வேற. அதுக்குப் பதிலா ரெண்டாவது கியர்லயே இருந்து எக்ஸ்பிரஸ்வேல ஏறுற பழக்கத்த கத்துக்கிட்டேன், பள்ளத்த மூணாவதுல சந்திக்கவே வேண்டியதில்ல. ஓட்டறவன் யோசிச்சு கியர் போட்டா பலன் குடுக்கற எஞ்சின் இது, சும்மா மிதிச்சா குடுக்காது, எனக்கு இதுல இருக்கற ஈர்ப்பே அதுதான்.

டயர் பத்திதான் நிறைய சொல்லணும். இந்த வண்டியோட சீஃப் எஞ்சினியர் டாடா டெட்சுயா ஆரம்பத்துலயே மூணு விஷயம் வேணாம்னு முடிவு பண்ணிட்டாரு: டர்போ வேணாம், நாலு சக்கர டிரைவ் வேணாம், ஒட்டிக்கிற மாதிரி டயர் வேணாம். அதனால கம்பெனியிலேர்ந்து வந்தது மிஷலின் பிரைமசி எச்பி, ப்ரியஸுக்குப் போடற அதே டயர். கேக்கறவங்களுக்கு அதிர்ச்சியா இருக்கும், ஸ்போர்ட்ஸ் காருக்கு ப்ரியஸ் டயரான்னு. நான் ரெண்டு செட் வெச்சுக்கிட்டு மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்தேன், ஒண்ணு சாதாரண ரோடு டயர், இன்னொண்ணு 225 அகலத்துல டிராக் டே டயர், அதாவது ரேஸ் டிராக்ல ஓட்டறதுக்கானது. டிராக் டயர் போட்டுட்டு சவுத் புவோனா விஸ்டா ரோட்டுல கென்ட் ரிட்ஜ்லேர்ந்து இறங்கினா வண்டி தண்டவாளத்துல போற மாதிரி போகுது, ஆனா கைக்கு ஒண்ணுமே சொல்றதில்ல. சாதாரண டயர்ல அதே ரோட்டுல, அதே வேகத்துல, முன்னாடி டயர் எப்ப பாரம் தாங்குது, எப்ப கொஞ்சம் கெஞ்ச ஆரம்பிக்குதுங்கறது ஸ்டியரிங் வழியா உள்ளங்கைக்கு வந்துடுது, திருப்பத்துலேர்ந்து வெளிய வரும்போது பெடல லேசா அழுத்தினா பின்பக்கம் உக்காந்து தள்றது இடுப்புல தெரியுது. 50 கி.மீ. ரோட்டுல இவ்ளோ பேச்சு குடுக்கற வண்டி வேற எது? மழைக்கும் அதுதான் நல்லது, நம்ம ஊரு மத்தியான மழைக்கு தண்ணி வெளியேற காடி கம்மியான டிராக் டயரோட எக்ஸ்பிரஸ்வேல போங்கன்னு யாருக்கும் நான் சொல்லமாட்டேன். இப்ப தினசரிக்கு சாதாரண டயர், மலேசியாவுல இருக்கற செப்பாங் ரேஸ் டிராக்குக்குப் போனா மட்டும் மத்தது. பின் சீட்ட மடக்கினா நாலு டயரும் உள்ள போயிடுது, அப்படிப் போகணும்னே யோசிச்சு வடிவமைச்சிருக்காங்க, இந்த மாதிரி சின்னச் சின்ன விஷயத்துலதான் யாரோ ஓட்டத் தெரிஞ்ச ஆளு இத செஞ்சிருக்காருன்னு புரியும்.

அடுத்தது அலைன்மென்ட், அதாவது சக்கரங்களோட கோணத்த சரி பண்றது. கம்பெனி செட்டிங்ல முன்பக்கம் கேம்பர் (முன்னாடிலேர்ந்து பாத்தா டயர் சாய்ஞ்சிருக்கற கோணம்) கிட்டத்தட்ட பூஜ்ஜியம், பின்பக்கம் மைனஸ் 1.2 வாக்குல. இது சாதாரண ஜனங்களுக்குப் பாதுகாப்பா இருக்கட்டும்னு வெச்சது, ஆனா திருப்பத்துல முன் டயரோட வெளித்தோள் மட்டும் மொத்த வேலையும் பாக்கும். காக்கி புக்கிட்ல நான் போற வொர்க்‌ஷாப்ல ஜோகூர்லேர்ந்து வந்து வேலை செய்யற ஒரு அண்ணன் இருக்காரு. வண்டிய ஜாக்கில ஏத்தினதும் டயர் மேல கைய வெச்சு உள்ளேர்ந்து வெளிய தடவிப் பாத்தாரு. "தம்பி, மிஷின் அப்புறம் பாப்போம், மொதல்ல நீங்க இங்க தொட்டுப் பாருங்க"ன்னாரு. தொட்டேன், உள்பக்கம் புதுசு மாதிரி, வெளித்தோள் மொழுமொழுன்னு ஒரு ஓரமா ரம்பம் மாதிரி சிலிர்த்து நின்னுச்சு. "என் காரே சொல்லிருச்சு பாருங்கண்ணே"ன்னேன், சிரிச்சாரு. முன் ஸ்ட்ரட் கீழ போல்ட்ட எடுத்துட்டு கேம்பர் போல்ட் போட்டோம், ரெண்டு பக்கமும் மைனஸ் 1.3. கேம்பர மாத்தினா டோ-வும் (மேலேர்ந்து பாத்தா டயர் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கற அளவு) மாறிடும், அதனால டோ-வ கடைசியில பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தாரு, நான் டிரைவர் சீட்ல உக்காந்திருக்கும்போதே அளந்தாரு, என் எடையும் கணக்குல வரணும்னு. இந்த மொத்த வேலைக்கும் ஆன செலவு ஒரு நல்ல டயர் விலைகூட வராது. ஆனா நான் இதுவரைக்கும் பண்ணதுலயே பெரிய மாற்றம் எதுன்னா இதுதான். நியோ தியூ ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு போற இடத்துல முன்னாடியெல்லாம் ஸ்டியரிங்க ரெண்டு தடவை திருத்துவேன், இப்ப ஒரே தடவை திருப்பினா போதும், மூக்கு உள்ள போயிடுது. யாராவது இந்த வண்டி வாங்கிட்டு எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டா, எக்ஸாஸ்ட், ரிம் எல்லாத்தையும் விட்டுட்டு மொதல்ல அலைன்மென்ட்டுன்னுதான் சொல்வேன்.

பிரேக். பேட் மாத்தினேன், ஃப்ளூயிட் மாத்தினேன். டாட் 3 ரக ஃப்ளூயிட் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, டாட் 4-க்கு 230, ஆனா ரெண்டுமே காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், ஈரம் ஏறிட்டா டாட் 3 140-க்கே கொதிக்கலாம். நம்ம ஊரு காத்து எப்படின்னு சொல்லத் தேவையில்ல. அதனால டிராக் போறவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்திடணும். பேட் மாத்தினதுல எனக்கு எதிர்பாக்காத ஒரு நல்லது, பெடல் மேல இருந்தே கெட்டியா பிடிக்குது, அதனால ஹீல் அண்ட் டோ (ஒரே காலால பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேத்து மிதிக்கறது) பண்றப்ப பிரேக் பெடலும் ஆக்சிலரேட்டரும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துல நிக்குது, வலது பாதத்த லேசா உருட்டினா போதும். இத ரெட் லைட் வர்றப்ப ஒவ்வொரு தடவையும் பழகினேன், 50-லேர்ந்து குறைச்சுட்டு வரும்போது மூணுலேர்ந்து ரெண்டுக்கு, ஆக்சிலரேட்டர்ல ஒரு சின்னத் தட்டு. சரியா அமைஞ்சா கிளட்ச் விடும்போது வண்டி தலையாட்டவே ஆட்டாது, பக்கத்துல உக்காந்திருக்கற என் மனைவி ஃபோன்லேர்ந்து தலைய நிமித்தக்கூட மாட்டாங்க. அதுதான் எனக்கு மார்க்.

செப்பாங். துவாஸ் எல்லை வழியா கிட்டத்தட்ட 300 கி.மீ., முக்கால் டேங்க் பெட்ரோல் போட்டுட்டுதான் இந்தப் பக்கம் தாண்டணும், விஇபி டேக் (வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள்ள வர்ற அனுமதி) இருக்கணும், ரோடு இன்ஷூரன்ஸ் பொதுவா டிராக்க கவர் பண்ணாது, இதெல்லாம் தெரிஞ்சுட்டுப் போங்க. 5.543 கி.மீ., 15 திருப்பம், 1999-லேர்ந்து 2017 வரைக்கும் எஃப்1 நடந்த டிராக்கு. ரெண்டு பெரிய நேர் ரோட்டுல பெரிய வண்டியெல்லாம் நம்மள தாண்டிப் போயிட்டே இருக்கும், மனச விட்றாதீங்க, இண்டிகேட்டர் போட்டு வழி விட்டுடுங்க. 5, 6 திருப்பத்துல, வேகமா இடது வளைஞ்சு உடனே வலது, அங்கதான் 1,250 கிலோ வாக்குல இருக்கற வண்டியோட அருமை. பாக்ஸர் எஞ்சின் படுத்திருக்கறதால புவியீர்ப்பு மையம் ரொம்பக் கீழ, 460 மில்லிமீட்டர்னு கம்பெனி சொன்னது, அது வெறும் எண்ணுன்னு நெனச்சீங்கன்னா இந்த ரெண்டு திருப்பத்துல ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும், பாரம் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் மாறும்போது வண்டி சாய்ஞ்சு எழும்பி யோசிக்கறதெல்லாம் இல்ல, நேரா திரும்பிடுது. 14-வது இன்னும் எனக்குக் கைவரல, வலது பக்கம் வளைஞ்சுட்டே பிரேக் போடணும், பின்பக்கம் லேசாகும், அங்க கால எவ்ளோ மெதுவா எடுக்கறோங்கறதுதான் மொத்த வித்தையும். 2013 வண்டியில ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் கிடையாது, வண்டியோட ஓபிடி-ல (கோளாறு பாக்கற சாக்கெட்) புளூடூத் சொருகி ஃபோன்ல பாக்கறேன், அந்த வெயில்ல ரெண்டு வேகமான லேப்லயே 120 டிகிரிய தாண்டிடுது, அதனால ரெண்டு வேகம், ஒண்ணு மெதுவா. கம்பெனி சொல்ற 0டபிள்யூ-20 ஆயில விட்டுட்டு டிராக்குக்கு கொஞ்சம் கெட்டியான 5டபிள்யூ-30 போடறேன்.

இங்க சிங்கப்பூர்லயே ஒரு காலத்துல அப்பர் தாம்சன் ரோட்டுல கிராண்ட் பிரீ நடந்துச்சு, 1961-லேர்ந்து 1973 வரைக்கும், ஒரு சுத்து 4.865 கி.மீ., பொது ரோட்டுல. அந்த ஓல்டு அப்பர் தாம்சன் ரோட்டுல ஞாயித்துக்கிழமை காலையில 30, 40-ல மெதுவா போவேன், குரங்கு குறுக்க வரும், சைக்கிள்காரங்க இருப்பாங்க, அங்க வேகத்துக்கு வேலையே இல்ல. ஆனா அந்த வளைவோட வடிவம் இன்னும் அப்படியே இருக்கு, ரெண்டாவது கியர்ல கண்ண தூரத்துல வெச்சு ஒரே கோடா இழுத்துட்டுப் போனா எப்படிப்பட்ட ஓட்டுநர்கள் அங்க ஓட்டியிருப்பாங்கன்னு உடம்புக்குப் புரியுது.

புது ஜிஆர்86-ம் ஓட்டிட்டேன், அதையும் சொல்லிடறேன். 2.4 லிட்டர், 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,700-லயே கிடைச்சுடுது, பள்ளம் சுத்தமா இல்ல, பாடி இன்னும் கெட்டி. எல்லா விதத்துலயும் மேல. காசு இருக்கறவங்க யோசிக்காம அத வாங்குங்க. என் பழசுல நான் உழைச்சு எடுக்கற இழுவை அதுல சும்மா கிடைக்குது, எனக்கு அந்த உழைப்பு பிடிச்சிருக்கு, அதனால பொறாமை வரல. ரோடு டாக்ஸ் மட்டும் வருஷா வருஷம் 10 சதவீதம் கூடிட்டே போய் 50-ல நிக்கும், பழைய வண்டி வெச்சிருந்தா அத கட்டித்தான் ஆகணும்.

அடுத்து ஷாக் அப்சார்பர். இத்தன வருஷ ஓட்டத்துக்கு அப்புறம் பின்பக்கம் ஒண்ணுல எண்ணெய் கசிவு லேசா தெரியுதுன்னு அண்ணன் காட்டினாரு. காயில்ஓவர் (உயரத்த மாத்தக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்டு வண்டிய தாழ்த்தற எண்ணம் இல்ல, எங்க கார்பார்க் ராம்ப்ல மூக்கு இடிக்கும், அது போக கம்பெனி சஸ்பென்ஷனோட நீளமான அசைவுதான் நம்ம ரோட்டுக்குப் பொருத்தம்னு நெனக்கிறேன். கம்பெனி ஸ்பிரிங்கோடயே கொஞ்சம் கெட்டியான ஷாக் நாலும், டிஃபரன்ஷியல் ஆயிலும் கியர் ஆயிலும் ஒரேயடியா. அத முடிச்சுட்டு அலைன்மென்ட்ட திரும்ப அளந்து, கேம்பர் அதே மைனஸ் 1.3-ல வெச்சு ஒரு தடவை, 1.5-க்குக் கொண்டுபோய் ஒரு தடவை, 14-வது திருப்பத்துல பின்பக்கம் எப்படி நடந்துக்குதுன்னு பாத்துட்டு எழுதறேன்.