சோலைமந்தி ஆய்வு: அனுமதிக் கடிதத்திலிருந்து வகுப்பறை வரை

காட்டுயிர் ஆய்வாளர் ஆகணும், எங்கே தொடங்குவது என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது அனுமதியைப் பற்றித்தான். ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் ஆய்வு செய்ய, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தர வேண்டும். நான் ஆய்வு செய்யும் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, அந்தச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற முதல் அட்டவணை விலங்கு. அதைப் பிடித்து ரத்தம் எடுப்பதென்றால் வேறு பிரிவு, வேறு அனுமதி. நான் பார்த்துக் குறித்துக்கொள்ளப் போகிறேன், அவ்வளவுதான். அதனால் எந்த வனச்சரகம், எந்த மாதங்கள், கூட யார் வருவார்கள், விலங்கைத் தொடமாட்டேன் என்பதையெல்லாம் விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். அலுவலகத்தில் கேட்டதும் இவற்றைத்தான்.

உள்ளே போன பிறகு எனக்கு வாத்தியார், ஆனைமலைப் பழங்குடியான காடர் இனத்துப் பெரியவர் ஒருவர். அவர் மந்தியைத் தேட மாட்டார், வெடிப்பலா மரம் பூத்த இடத்தைத் தேடுவார். "மேல பாக்காதம்மா, கீழ பாரு" என்பார். மந்திகள் பூவைப் பிய்த்து, சதைப்பற்றான பகுதியைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடும். கடித்த பூ வாடாமல் கிடந்தால் கூட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது. காய்க்கும் பருவத்தில் அந்த முள்காயைப் பல்லால் பிளந்து விதையை எடுப்பதைப் பார்க்க வேண்டும், அப்படியொரு லாவகம்!

ஆனால் கூட்டம் நம்மைப் பொருட்படுத்தாமல் மேயத் தொடங்க மாதக்கணக்காகும். அதுவரை உருப்படியான தரவு வராது, பதற வேண்டாம். முகத்தையும் வால் நுனிக் குஞ்சத்தையும் பார்த்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டுகொள்ள அதுதான் நேரம். பென்சிலில் எழுதுங்கள், வால்பாறை மழையில் பேனா மை நிற்காது.

அப்புறம் வால்பாறை எஸ்டேட் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் மந்தியைப் பற்றிப் பேசுவது. இதை ஆய்வுக்கு நடுவே செய்யும் உபகாரமாக நான் நினைக்கவில்லை, என் வேலையில் சரிபாதி இது. அந்தப் பிள்ளைகளுக்கு மந்தியை அறிமுகப்படுத்தவே வேண்டாம், வீட்டுக் கூரை மேலேயே பார்த்திருக்கிறார்கள். வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டம் பக்கம் சாலைக்கு மேலே மந்திகளுக்காகக் கட்டிய பாலங்களில் அது கடப்பதும் தெரியும். "பிஸ்கட் போட்டா என்ன மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். தின்பண்டத்துக்குப் பழகிய மந்தி மரத்தைவிட்டு ரோட்டுக்கு இறங்கும், வண்டியில் அடிபடும் என்றேன். அடுத்த வாரம், கார் நிறுத்தி பிஸ்கட் நீட்டியவர்களிடம் அவனே போய்ச் சொல்லியிருக்கிறான்.

கடைசியாக ஒன்று. அனுமதிக் காலம் முடியும் முன்பே அறிக்கையை வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள். நீட்டிப்பு கேட்கும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.