நிபோங் திபாலில் ஒரு செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை என்றாலே எங்கள் தோட்டத்துக் கத்தோலிக்கர்களுக்கு அந்தோனியார் நாள்தான். இந்த முறை வேன் பிடித்து மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள நிபோங் திபால் புனித அந்தோனியார் ஆலயத்துக்குப் போனோம். வழியெல்லாம் செம்பனை. அந்தக் காலத்தில் ரப்பர் பால்மரம் சீவியவர்கள் என்று வேனில் இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசைவீட்டு, பெரியம்மா. வீட்டை விட்டுக் கிளம்பியது முதல் திருப்பலி முடியும்வரை வாய் திறப்பதில்லை என்பது அவருடைய நேர்ச்சை.

மற்றவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தார்கள். ஒரு வீட்டில் கல்யாணம் நின்றுபோனதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் ஒருவர் சொன்னது மாலைக்குள் குழாயடியில் வேறு கதையாகி, நல்ல குடும்பங்கள் பிரிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். சிறு நெருப்பு பெருங்காட்டைக் கொளுத்துவதுபோல நாவும் செய்யும் என்று யாக்கோபு தம் திருமுகத்தின் 3-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அது எங்கள் லயங்களுக்கே எழுதியதுபோல இருக்கும்.

ஆலயத்தில் அந்தோனியார் சுரூபத்தின் முன் வெகுநேரம் நின்றேன். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் என்றுதான் நாம் அவரை அதிகம் தேடுகிறோம். எனக்கு அவருடைய நாவுதான் பெரிய அற்புதம். 1231-இல் இறந்தவரின் கல்லறையை 1263-இல் திறந்தபோது உடல் மண்ணாகியிருந்தது, நாவு மட்டும் அழியாமல் இருந்தது. அங்கிருந்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் புனித பொனவெந்தூர் அதைப் பார்த்து இறைவனைப் புகழ்ந்தார். இத்தாலியின் பதுவைப் பேராலயத்தில் இன்றும் அதை வைத்து வணங்குகிறார்கள்.

ஆனால் அந்த நாவு முதலில் பேசாமல் இருந்த நாவு. அந்தோனியார் இத்தாலியில் மொந்தே பாவோலோ என்ற மலைத் துறவகத்தில் செபமும் எளிய வேலைகளுமாக இருந்தார். இவ்வளவு படித்தவர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. 1222-இல் ஃபோர்லி நகரில் ஒரு குருப்பட்ட நிகழ்வில் மறையுரைக்கு யாரும் தயாராக இல்லாதபோது, தலைவர் சொன்னதால் எழுந்து பேசினார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். சொற்கள் ஓயட்டும், செயல்கள் பேசட்டும் என்று பிறகு மறையுரையில் கேட்டுக்கொண்டவரும் அவர்தான்.

எல்லா மௌனத்தையும் நான் இதில் சேர்க்கமாட்டேன். கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருடக்கணக்கில் பேசாமல் இருப்பதும் நம் வீடுகளில் உண்டு. அதை நோன்பு என்று சொல்ல முடியாது.

திருப்பலி முடிந்ததும் பெரியம்மாவிடம் அவருடைய மௌன நேர்ச்சையைப் பற்றிக் கேட்டேன்.

"வாயை மூடுறது லேசு சாமி. உள்ளுக்குள்ள யாரையும் திட்டாம இருக்கணும், அதுதான் கஷ்டம்" என்றார்.

அப்புறம் நேராகக் கெபி என்னும் குகைப்பீடத்தின் பக்கம் போனார். அங்கே பழைய தோட்டத்துக்காரம்மா ஒருவர் நின்றிருந்தார். யாரோ மூட்டிவிட்ட பேச்சால் இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"அன்னம்மா, சாப்பிட்டியா?" என்று இவர்தான் முதலில் கேட்டார்.

வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தும் அவர்கள் பேச்சு முடியவில்லை.