பள்ளியோடு வழக்கா? வக்கீல் ஃபீஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆட்டிசம், டிஸ்லெக்ஸியா, காது கேளாமை என்று ஏதாவது ஒரு காரணத்தைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கிறார்கள். சேர்த்தாலும் நடுவில் கூப்பிட்டு, "இந்த ஸ்கூல் உங்க பையனுக்குச் சரிப்படாது, டி.சி. வாங்கிக்குங்க" என்கிறார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் பெற்றோர் உடனே தேடுவது வக்கீலைத்தான். தேடட்டும், தப்பில்லை. ஆனால் வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் திரும்ப வராது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும்.

இணையத்தில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்கச் சட்டம். அங்கே சிறப்புக் கல்வி வழக்கில் ஜெயித்த பெற்றோருக்கு வக்கீல் ஃபீஸைப் பள்ளி மாவட்டமே தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். நிபுணரை வைத்த செலவு அதில் சேராது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லிவிட்டது. நம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் அப்படி ஒரு பிரிவு கிடையாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் (உத்தரவு கேட்டு நேரடியாகப் போடும் மனு) போட்டு ஜெயித்தாலும் உத்தரவின் கடைசி வரி பெரும்பாலும் "செலவுத் தொகை இல்லை" என்றுதான் முடியும். அதனால் காசில்லாத வழிகளை முதலில் முழுசாகப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து.

இந்த 2016 சட்டத்தில் பிடித்துக்கொள்ள வேண்டிய இடங்கள் சில உண்டு. 16ஆவது பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் பொருந்தும்: பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும். 31ஆவது பிரிவின் இலவசக் கல்விக்குத்தான் 40 சதவீத ஊனச் சான்று தேவை. வயது 6 முதல் 18 வரை. 16ஆவது பிரிவுக்கு அந்த 40 சதவீதக் கணக்கு இல்லை. பள்ளிகள் இரண்டையும் குழப்பி, "சர்டிபிகேட்டில் 35 தானே இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடும். ஷேடோ டீச்சர் (வகுப்பில் பிள்ளை கூடவே இருந்து உதவுபவர்) சம்பளத்தைப் பெற்றோர் தலையில் கட்டும் பள்ளிக்கு, இந்தச் சட்டத்துக்கான மத்திய அரசின் 2017 விதிகளில் 3ஆவது விதியை எழுதிக் காட்டுங்கள். தேவைக்கேற்ற வசதிக்கான செலவை மாற்றுத்திறனாளியிடம் முழுதாகவோ பகுதியாகவோ கேட்கக் கூடாது என்கிறது அது.

வழக்கு நிற்பதும் விழுவதும் காகிதத்தில்தான். பள்ளி எதையும் எழுத்தில் தராது, வாயால்தான் சொல்லும். ஆகவே நீங்கள் எழுதுங்கள். ஒரே பக்கம் போதும்: தேதி, பிள்ளை பெயர், வகுப்பு, எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார், நீங்கள் கேட்பது என்ன, எத்தனை நாளில் பதில் வேண்டும். ஆபீஸில் கொடுத்து நகலில் சீல், கையெழுத்து, தேதி வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட், கூடவே பள்ளி மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி. டெலிவரி ஆன விவரத்தைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். செய்தி வந்த போனையும் அழிக்காத உரையாடலையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வழக்கு அதிகம் கெட்டுப்போகும் இடம் டி.சி. விண்ணப்பம். அதில் காரணம் என்ற கட்டத்தில் "சொந்த விருப்பம்" என்று ஆபீஸிலேயே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து கேட்பார்கள். போட்டுவிட்டால், நீக்கவே இல்லை, அவர்களாகத்தான் போனார்கள் என்று பள்ளி பதில் மனு போடும். வேறு வழியில்லாமல் டி.சி. வாங்கினாலும், "பள்ளி நிர்வாகம் வற்புறுத்தியதால், ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். அதேபோல் ஷேடோ டீச்சருக்கு நேரடியாக ஜிபே செய்தால், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பள்ளி ஒதுங்கிக்கொள்ளும். பணம் கட்டச் சொன்னதைப் பள்ளியிடமே எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. சம்மன் அனுப்பவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. ஒரு குறை: அவர் தருவது பரிந்துரை, தீர்ப்பு அல்ல. சம்பந்தப்பட்ட அதிகாரி 3 மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும், ஏற்கவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் பள்ளியை மட்டும் எதிர்மனுதாரராகப் போடாதீர்கள். கடலூர் என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரையும், புதுச்சேரி என்றால் பள்ளிக் கல்வி இயக்குநரகத்தையும் சேருங்கள். தனியார் பள்ளிக்குக் கல்வித் துறையின் அங்கீகாரம் வேண்டும். அந்தப் பயம் வேலை செய்யும்.

புதுச்சேரியில் பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் வீடு, பிள்ளை படிப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்றால் மனு போக வேண்டியது தமிழ்நாட்டு ஆணையருக்கு. வீடு எங்கே என்பதைப் பார்க்காதீர்கள், பள்ளி எங்கே என்று பாருங்கள். புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் சென்னைதான் என்பதால் ரிட்டுக்கு இந்தக் குழப்பம் இல்லை.

வக்கீல் தேவைப்பட்டால் முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி மாற்றுத்திறனாளி, குழந்தை, பெண் மூவருக்கும் இலவச சட்ட உதவி உரிமை உண்டு, வருமான வரம்பு இல்லை. பிள்ளை பெயரிலும் கேட்கலாம், அம்மா பெயரிலும் கேட்கலாம். வருமானச் சான்று கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். தொலைபேசி எண் 15100. கோர்ட்டுக் கட்டணம், நகல், மொழிபெயர்ப்பு எல்லாம் இதற்குள் வரும். நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. வழக்குப் போடாமலேயே பள்ளியைக் கூப்பிட்டுச் சமரசம் பேசவும் இங்கே மனு கொடுக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் வாசகத்தில் கறாராக இருங்கள். "பள்ளி தகுந்த உதவி செய்யும்" என்று எழுதினால் பிறகு எதையும் நிறைவேற்ற வைக்க முடியாது. வாரத்துக்கு எத்தனை பீரியட் ஸ்பெஷல் எஜுகேட்டர், எந்தத் தேதியிலிருந்து, தேர்வில் எவ்வளவு கூடுதல் நேரம், தனிக் கட்டணம் இல்லை என்று வரிவரியாக வர வேண்டும்.

கையிலிருந்து காசு போட்டு உயர் நீதிமன்றம் போவது எப்போது? நாள் நெருக்கும்போதுதான். பொதுத்தேர்வுக்கு ஸ்கிரைப் (பிள்ளை சொல்லச் சொல்ல விடை எழுதுபவர்) மறுக்கப்பட்டு ஹால் டிக்கெட் வரப்போகிறது, அல்லது சேர்க்கை முடியப்போகிறது என்றால் ஆணையரின் தேதிக்காகக் காத்திருக்க முடியாது, இடைக்கால உத்தரவு வேண்டும். ஊனம் 40 சதவீதத்துக்குக் கீழே என்று சொல்லி ஸ்கிரைப் மறுப்பது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் 2021இல் விகாஷ் குமார் வழக்கில் தீர்த்திருக்கிறது. அதை வக்கீலிடம் சொல்லுங்கள்.

ஃபீஸ் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது தொகையை அல்ல, மனுவில் என்ன கோரப்போகிறார் என்பதை. பல ரிட்டுகள் "மனுதாரரின் விண்ணப்பத்தைச் சட்டப்படி பரிசீலிக்க வேண்டும்" என்ற உத்தரவோடு முடிந்துவிடும். அவ்வளவு செலவுக்கும் கைக்கு வருவது அதிகாரியின் ஒரு கடிதம், அது மறுப்பாகவும் இருக்கலாம். பரிசீலிக்கச் சொல்வதா, செய்யச் சொல்வதா என்று தெளிவாகக் கேளுங்கள். பிறகுதான் பணம்: மொத்தத் தொகையா, வாய்தாவுக்கு இவ்வளவா, டைப்பிங், ஜெராக்ஸ், தமிழ் ஆவணங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு இதில் சேருமா என்று கேட்டு ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். தேதிவாரிப் பட்டியலும் வரிசைப்படுத்திய நகல்களும் நீங்களே கொண்டுபோனால் அவர் வேலை குறையும், ஃபீஸ் பேச உங்களுக்கும் இடம் கிடைக்கும். நடுவில் வக்கீலை மாற்ற நேர்ந்தால், வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் பத்திரத்தில்) பழைய வக்கீலின் ஆட்சேபமில்லை என்ற கையெழுத்து வாங்க வேண்டும், கிடைக்காவிட்டால் நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும். ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்திருக்கிறது.